குளியல் தொட்டியில் வைத்த படங்கள்

போன தவணை விடுமுறையில் எங்கள் பாடசாலைக் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தோம். உடைந்த கதிரைகள், பழைய வினாத்தாள் கட்டுகள், கால் போன குளோப், இவற்றோடு ஒரு காட்போட் பெட்டி நிறைய வீடியோ கெசட்டுகளும் இருந்தன. இல்ல விளையாட்டுப் போட்டி, மீலாத் விழா, பரிசளிப்பு விழா என்று பேனையால் எழுதியிருந்தது. சிலவற்றில் பூஞ்சணம். "இதைப் போட்டுப் பார்க்க இப்ப யாரிடம் டெக் இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். குப்பை டிரெக்டரில் ஏற்றியதும் நாங்களேதான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

இரண்டு கிழமை கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு மெசேஜ். எங்களோடு படிப்பித்து மௌத்தாகிப்போன ஒரு டீச்சரின் மகன். "1994 பரிசளிப்பு விழாவில் உம்மா பேசினவ. அந்தக் கெசட் ஸ்கூலில் இருக்குமா சேர்? உம்மாட குரல் எங்களிட்ட எதிலயும் இல்ல."

அந்தப் பிள்ளைக்கு உடனே பதில் எழுத எங்களால் முடியவில்லை. அந்த இரவுகளில் பழைய படங்களைக் காப்பாற்றிய ஒரு மனிதரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தோம். ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த கதைதான். இந்தமுறை வாசித்தபோது வேறு மாதிரி இருந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பைஸ்கோப்புக்கும் வாத்திமாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

அவர் பெயர் ஆன்றி லாங்லுவா. 1914இல் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில், பிரெஞ்சுக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் தீப்பற்றி எரிந்த பிறகு குடும்பம் பரிஸுக்குப் போனது. ஒரு நகரமே சாம்பலானதை எட்டு வயதுக்குள் அனுபவித்த பிள்ளை பிற்காலத்தில் எதையும் எறிய மறுக்கிறவராக ஆனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? (இது எங்கள் ஊகம். உளவியல் படித்தவர்கள் திருத்தலாம்.) பாடசாலை இறுதிப் பரீட்சையில் தேறாதவர் என்பதையும் ஆசிரியர்களாகிய நாம் ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்வோம்.

அவர் இளைஞராக இருந்த காலம் பேசாப் படம் போய்ப் பேசும் படம் வந்த காலம். 1920களின் முடிவில் ஒலி வந்ததும் பேசாப் படங்களுக்குச் சந்தையில் மதிப்பில்லாமல் போனது. பிலிமில் வெள்ளி இருக்கிறது. உருக்கினால் காசு. களஞ்சியம் வைத்திருந்தவர்களுக்கு எளிய கணக்கு அது. முப்பது வருடமாக உலகம் எடுத்த படங்கள் கிலோ கணக்கில் போய்க்கொண்டிருந்தன. சினிமாவில் மாயாஜாலம் காட்டிய முன்னோடி ஜோர்ஜ் மெலியேஸ் கடன்பட்டு, மனம் வெறுத்து, தன் சொந்த நெகட்டிவ்களைத் தன் தோட்டத்திலேயே கொளுத்தினார். அதற்குப் பிறகு பரிஸ் ரயில் நிலையமொன்றில் விளையாட்டுச் சாமான் கடை வைத்துப் பிழைத்தார்.

லாங்லுவா கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினார், கேட்டார், கெஞ்சினார். வைக்க இடமில்லை. பெற்றோரின் வீட்டுக் குளியல் தொட்டியில் படச்சுருள்களை அடுக்கினார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. 1935இல் ஜோர்ஜ் ப்ரான்ஜூ என்ற நண்பரோடு சேர்ந்து பழைய படங்களைக் காட்ட ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த வருடம், 1936இல், அது சினமதேக் பிரான்சேஸ் ஆனது. தமிழில் சொன்னால் படங்களின் நூலகம். ஆனால் புத்தக நூலகம் போலப் பூட்டி அடுக்கிவைக்கும் இடமல்ல, ஒவ்வொரு நாளும் திரையிட்டுக் காட்டும் இடம். ஆரம்பத்தில் இருந்தவை பத்துப் படங்கள் என்கிறார்கள். பரிஸுக்கு வெளியே, ஓர்லியில், வயோதிப மெலியேஸ் தங்கியிருந்த ஓய்வு இல்லத்தின் வளவில் பாழடைந்த கட்டடமொன்றை எடுத்துச் சுருள்களை அங்கே வைத்தார்கள். சாவியைக் கொடுத்தது யாரிடம் தெரியுமா? மெலியேஸிடமே. தன் படங்களைத் தானே எரித்த மனிதர் கடைசிக் காலத்தில் மற்றவர்களின் படங்களுக்குக் காவல் இருந்தார்.

இங்கே ஒரு விஷயம் விளங்க வேண்டும். அந்தக் காலப் பிலிம் நைட்ரேட். ஒக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொண்டு எரியும், தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. எரியாவிட்டாலும் வருடக்கணக்கில் வைத்திருந்தால் தானாகவே பிசுபிசுத்துத் தூளாகும். பாரமும் அப்படித்தான். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடம்தான் ஓடும். ஒன்றரை மணித்தியாலப் படம் என்றால் எட்டொன்பது தகர டப்பா. இன்று போனில் விரலால் தள்ளிவிடுகிற ஒரு படத்தை அன்று ஒருவர் தனியாகத் தூக்கிக்கொண்டு படியேற முடியாது.

1940இல் ஜேர்மன் படை பரிஸுக்குள் வந்தது. தடைசெய்யப்பட்ட படங்கள் பறிபோகும் நிலை. லாங்லுவாவும் நண்பர்களும் டப்பாக்களை நகரம் முழுக்கப் பிரித்து ஒளித்தார்கள். குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனதாகவும் கதை உண்டு. நாஸிகளின் பட ஆவணக் காப்பகத்தோடு தொடர்புடைய ஹென்சல் என்ற அதிகாரியே சிலவற்றைக் காப்பாற்றத் துணையாக இருந்தார் என்பது வரலாற்றின் விசித்திரம்.

எங்கள் மனதில் நிற்பது லொத்தே ஐஸ்னர். பெர்லினில் பிறந்த யூதப் பெண், சினிமா விமர்சகர். 1933இல் ஹிட்லர் வந்ததும் பரிஸுக்குத் தப்பி வந்தவர். போர் தொடங்கிய பின் குர்ஸ் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார், அங்கிருந்தும் தப்பினார். லூயிஸ் எஸ்கோஃபியே என்று பெயரை மாற்றிக்கொண்டு தெற்குப் பிரான்சில் மறைந்து வாழ்ந்தார். அங்கே பெதுயே என்ற பழைய கோட்டையில் லாங்லுவா ஒளித்துவைத்த படங்கள் இருந்தன. ஐஸ்னர் குளிரில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, என்ன படம், எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்தார். பிடிபட்டால் சாவு. அந்த நிலையிலும் பட்டியல் எழுதினார்! எங்கள் பாடசாலையில் மின்விசிறிக்குக் கீழே கதிரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெட்டிக் கெசட்டுக்குப் பட்டியல் எழுத எங்களுக்கு நேரமிருக்கவில்லை.

போர் முடிந்தது. 1948இல் பரிஸின் மெஸின் அவெனியூவில் சினமதேக் ஒரு சின்ன மண்டபத்தைத் திறந்தது. அறுபது கதிரை அளவுதான். பிந்தி வந்தவர்கள் நிலத்தில் இருந்தார்கள். டிக்கெட் மலிவு. ஒரே மாலையில் மூன்று படங்கள் போடுவார் லாங்லுவா. ஒரு ரஷ்யப் படம், ஒரு அமெரிக்கச் சிரிப்புப் படம், ஒரு ஜப்பானியப் படம் என்று வேண்டுமென்றே பொருந்தாதவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். அதுதான் அவருடைய படிப்பித்தல் முறை. விளக்கவுரை கிடையாது. பல படங்களுக்கு அடியில் மொழிபெயர்ப்பும் கிடையாது. பேச்சு விளங்காதபோது கண் வேலை செய்யத் தொடங்குகிறது. கமரா எங்கே நிற்கிறது, முகம் எப்போது திரும்புகிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகுகிறோம். ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாமல் ஹிந்திப் படம் பார்த்து அழுத எங்கள் உம்மாமாருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த முன்வரிசையில் இருந்து பார்த்த பொடியன்களில் சிலர் ப்ரான்சுவா த்ரூபோ, ஜோன் லூக் கோதார், ஜாக் ரிவெத், எரிக் ரோமேர், குளோத் ஷப்ரோல். பத்துப் பன்னிரண்டு வருடங்களில் இவர்கள்தான் பிரெஞ்சுப் புதிய அலை என்று உலக சினிமாவைப் புரட்டிப்போட்டார்கள். பழைய படங்களைப் பார்த்துப் பார்த்தே புதிதாகப் படம் எடுக்கக் கற்றவர்கள். 1955இல் மண்டபம் உல்ம் தெருவுக்கும், 1963இல் ஷாயோ மாளிகைக்கும் போனது.

இதுவரை சொன்னதை வைத்து லாங்லுவாவைக் குறையில்லாத மனிதர் என்று நினைக்க வேண்டாம். கணக்கு வழக்கு என்றால் அவருக்கு வேப்பங்காய். எது எங்கே இருக்கிறது என்று அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இதில் அவருக்கும் லண்டன் காப்பகத்தின் ஏர்னஸ்ட் லிண்ட்கிரனுக்கும் பெரிய கொள்கைப் பகையே இருந்தது. லிண்ட்கிரன் சொன்னது: இருப்பது ஒரே பிரதி என்றால் அதை ஓட்டக்கூடாது. ஓட்டும் ஒவ்வொரு தடவையும் கீறல் விழும். முதலில் பாதுகாப்பான பிரதி எடு, பிறகு காட்டு. லாங்லுவாவின் பக்கம்: பிரதி எடுக்கக் காசு வரும்வரை பூட்டிவைத்தால் ஒரு தலைமுறையே பார்க்காமல் போய்விடும். யாரும் பார்க்காத படத்துக்காக யார் காசு தரப்போகிறார்கள்?

நாங்கள் நீண்ட காலமாக லாங்லுவா கட்சி. ஆனால் 1959ஐ மறைக்க முடியாது. அந்தக் கோடையில் சினமதேக்கின் கட்டடத்தில் தீப்பிடித்தது. எரிக் வொன் ஸ்ட்ரோஹைம் எடுத்த ஒரு படத்தின் இரண்டாம் பாகம், உலகத்தில் எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட ஒரே பிரதி, அதில் போனது என்கிறார்கள். நாஸிகளிடமிருந்து தப்பிய படங்கள் காப்பாற்றியவரின் சொந்த இடத்திலேயே எரிந்தன. நேசம் மட்டும் போதாது, ஒழுங்கான அலுமாரியும் வேண்டும் என்று லிண்ட்கிரன் சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தக் குழப்பத்தைக் காரணம் காட்டித்தான் 1968 பெப்ரவரி 9ஆம் திகதி அரசாங்கம் அவரை நீக்கியது. கலாசார அமைச்சராக இருந்தவர் எழுத்தாளர் ஆந்த்ரே மல்ரோ. பணம் அரசுடையது, கணக்குக் கேட்க உரிமையும் உண்டுதான். ஆனால் நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. சார்ளி சப்ளின், ரொஸெலினி போன்றவர்கள், லாங்லுவா இல்லாத சினமதேக்கில் எங்கள் படங்களைக் காட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். பெப்ரவரி 14இல் ஆயிரக்கணக்கானோர் ஷாயோ மண்டபத்தை நோக்கிப் போனார்கள். பொலிஸ் தடியடி. கோதாரின் கண்ணாடி பறந்தது. ஒரு பழைய படக்கொட்டகைக் காவல்காரனுக்காக ஒரு நகரத்தின் இளைஞர்கள் அடி வாங்கினார்கள். ஏப்ரல் 22இல் லாங்லுவா திரும்பவும் அமர்த்தப்பட்டார். அரசு உதவிப் பணத்தை வெட்டியது. மறுமாதம் பரிஸ் முழுவதும் வீதிக்கு வந்த மே 68க்கு இதை ஒத்திகை என்று சொல்பவர்கள் பலர். த்ரூபோ அந்த வருடம் எடுத்த படத்தைப் பூட்டிய ஷாயோ மண்டபக் கதவிலிருந்தே தொடங்கி, அதை லாங்லுவாவுக்குச் சமர்ப்பித்தார். 1974இல் ஹொலிவூட் கௌரவ ஒஸ்கார் கொடுத்தது. 1977 ஜனவரியில் காலமானார். 1980இல் இன்னுமொரு களஞ்சியம் எரிந்தது. இன்று சினமதேக் பெர்ஸியில் புதிய கட்டடத்தில் இருக்கிறது. இன்றும் அங்கே பழைய படம் ஓடுகிறது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது எத்தனையோ படங்களின் நெகட்டிவ்கள் சேர்ந்து போயின. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய', வெனிஸ் விழாவில் 1972இல் விருது பெற்ற படம், அதன் மூல நெகட்டிவும் இன்று இல்லை. 2013இல் இத்தாலியின் போலோக்னாவில் அதை மீட்டெடுத்தபோது பூனா காப்பகத்திலிருந்த பிரதி கைகொடுத்தது. பக்கத்து நாட்டில் யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எறியாமல் இருந்ததால் நம் நாட்டுப் படத்தை நாம் பார்க்கிறோம். 'குத்துவிளக்கு', 'வாடைக்காற்று' என்று எழுபதுகளில் இங்கே தமிழில் வந்த படங்களின் பெயராவது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமா? ஒன்பதாம் வகுப்பில் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை.

சரி, கெசட் விஷயம். அந்தப் பிள்ளைக்கு நடந்ததை அப்படியே எழுதினோம். மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை சேர்" என்று இரண்டு சொல்லில் பதில் வந்தது.

போன கிழமை ஆய்வுகூட உதவியாளர் எங்களைக் கூப்பிட்டார். துப்புரவு நடந்த அன்று, "எல்லாத்தையும் வீசுறாங்களே" என்று மனம் கேட்காமல், கைக்கெட்டிய மூன்று கெசட்டுகளை இரசாயன அலுமாரிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றில் 1989 விளையாட்டுப் போட்டி. ஒன்றில் லேபல் கிழிந்திருக்கிறது. மூன்றாவதில் "பரிசளிப்பு" என்ற சொல்லும் 9 என்ற இலக்கமும் தெரிகிறது, அடுத்த இலக்கம் அழிந்துவிட்டது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம்.

இப்போது ஸ்டாஃப் ரூமில் இரண்டு கட்சி. டெக் கிடைத்ததும் போட்டுப் பார்ப்போம் என்கிறது ஒரு கட்சி. பூஞ்சணத்தோடு ஓட்டினால் நாடா அறும், டெக்கின் ஹெட்டும் நாசமாகும், முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது மற்றக் கட்சி. லாங்லுவா கட்சியாக இருந்த நாங்கள் இந்தமுறை லிண்ட்கிரன் பக்கம் போய்விட்டோம். அந்தப் பிள்ளைக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. வீணாக ஆசை காட்டக்கூடாது.

ஊரில் யாராவது பழைய வீடியோக் கடை வைத்திருந்தீர்களா? கெசட்டைத் திறந்து நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர், வேலை செய்கிற டெக் வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 1994இல் பரிசு வாங்கியவர்கள் இதை வாசித்தால், அன்று வீடியோ எடுத்தவர் யார் என்று ஞாபகமிருக்கிறதா? அவரிடம் இன்னொரு பிரதி இருக்கலாம்.