மோலெக்ஸ், நீல விளக்கு, இருபதாயிரம் யென்

முன்குறிப்பு: நான் பி.காம். மாணவன். எலெக்ட்ரானிக்ஸில் எனக்கு இருக்கும் ஒரே தகுதி, சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்கணும் என்று தெரியும் என்பதுதான். எஞ்சினியரிங் நண்பர்கள் சிரித்துக்கொண்டே படிக்கவும்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பவர் சப்ளை பெட்டியிலிருந்து கொத்தாக ஒயர்கள் வரும். நுனியில் நாலு ஓட்டையோடு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கட்டி. மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு, அது கிரவுண்ட். ஹார்ட் டிஸ்க், சி.டி. டிரைவ் எல்லாம் ஒரு காலத்தில் இதில்தான் சாப்பிட்டன. மாட்டுவது சுலபம். பிடுங்குவதற்குள் விரல் சிவந்துவிடும்.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில பையன்களுக்கு ஒரு யோசனை வந்தது. இந்த வெள்ளைக் கட்டியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக்கில் அதே மாதிரி ஒன்றை மாட்டி, அதற்குள் ஒரு குட்டி எல்.இ.டி.யைச் செருகினால் என்ன? கம்ப்யூட்டரை ஆன் செய்தால் கனெக்டரே நீலமாக ஒளிரும். வேகம் ஒரு துளிகூட ஏறாது. சும்மா அழகுக்குத்தான்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால், அதற்கு முன்பு கம்ப்யூட்டர் பெட்டி எப்படி இருந்தது என்று யோசிக்க வேண்டும். எங்கே பார்த்தாலும் ஒரே பழுப்பு நிறம், அரசு அலுவலக அலமாரி மாதிரி. 1998 ஆகஸ்டில் ஆப்பிள் நீலப்பச்சை நிறத்தில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற ஐமேக்கை விற்கத் தொடங்கியதும், பெட்டி என்றால் பழுப்புதான் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. இன்னொரு பக்கம் லேன் பார்ட்டிகள். குவேக் மாதிரி விளையாட்டுகளை ஆட, அவரவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு ஹாலில் கூடுவார்கள். நூறு பெட்டி வரிசையாக இருக்கும் இடத்தில் நம்முடையது தனியாகத் தெரிய வேண்டாமா? பக்கவாட்டுத் தகட்டை அறுத்து அக்ரிலிக் ஜன்னல் வைத்தார்கள். ஜன்னல் வைத்ததும் உள்ளே இருக்கும் குப்பை தெரிந்தது! ஒயரை ஒழுங்கு செய்தார்கள், டியூப் லைட் போட்டார்கள், கடைசியில் கனெக்டர் வரைக்கும் போனார்கள்.

போன செமஸ்டர் லீவில் நானும் இதைச் செய்து பார்த்தேன். ரூம்மேட்டின் பழைய கம்ப்யூட்டர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின நீல எல்.இ.டி. இரண்டு, 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு. சிவப்பு ஒயரில் கொடுக்க வேண்டியதை, தூக்கக் கலக்கத்தில் மஞ்சளில் கொடுத்துவிட்டேன். 20 மில்லிஆம்பியர் தாங்கும் விளக்கில் ஏறத்தாழ 87 பாய்ந்தது. ஒரு நொடி கண் கூசும் நீலம், பிறகு கருகல் வாசனை, பிறகு ரூம்மேட்டின் குரல். அந்தக் குரலை இங்கே எழுத முடியாது :)

செத்துப்போன விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் என்னுடைய சப்ஜெக்ட் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் பெயர். இந்தக் கனெக்டரை உலகமே மோலெக்ஸ் என்கிறது. மோலெக்ஸ் 1938-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி. முதலில் அந்தப் பெயர் ஒரு பிளாஸ்டிக்குக்கு. நிலக்கீல், கல்நார் எல்லாம் கலந்து செய்தது. பின்னால் கம்பெனி கனெக்டர் தொழிலுக்கு வந்தது. ஆனால் 1976-ல் ஷுகார்ட் கம்பெனி எஸ்.ஏ.400 என்ற ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி டிரைவைக் கொண்டுவந்தபோது, அதன் கையேட்டில் மின் இணைப்புக்கு எழுதியிருந்தது ஆம்ப் கம்பெனியின் மேட்-என்-லாக். ஆம்ப் வேறு கம்பெனி, 1941-ல் தொடங்கியது, பென்சில்வேனியாக்காரர்கள். ஃபிளாப்பி டிரைவோடு சேர்ந்து அந்தக் கட்டியும் 1981-ல் ஐ.பி.எம். பி.சி.க்குள் நுழைந்து, அங்கேயே தங்கிவிட்டது. மோலெக்ஸும் அதே அளவில் கனெக்டர் செய்தது, செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பெயர் முழுக்க அவர்களுக்கே போய்விட்டது. போட்டோகாப்பிக்கு ஜெராக்ஸ் என்கிறோமே, அதாவது பெயரளவுக்கு நியாயம் இருக்கிறது, ஜெராக்ஸ்தான் அதை முதலில் விற்றது. இங்கே அந்த நியாயமும் பாதிதான். 1999-ல் ஆம்பை டைகோ வாங்கியது, இப்போது அது டி.இ. கனெக்டிவிட்டி. மோலெக்ஸை 2013-ல் கோக் இண்டஸ்ட்ரீஸ் 720 கோடி டாலருக்கு வாங்கியது. குட்வில் பாடம் நடத்தும்போது இந்த உதாரணத்தைச் சொன்னால் கடைசி பெஞ்சும் கேட்கும்.

அடுத்தது அந்த நீலம். எனக்கு இதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு எல்.இ.டி.யை 1962-லேயே நிக் ஹோலோன்யாக் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் செய்துவிட்டார். பச்சை, மஞ்சள் எல்லாம் பின்னால் வந்தன. நீலம் மட்டும் முப்பது வருடம் யாருக்கும் சரியாகச் சிக்கவில்லை. நீல ஒளிக்கு அதிக ஆற்றல் வேண்டும். அதைத் தரக்கூடிய காலியம் நைட்ரைடை நல்ல படிகமாக வளர்ப்பதே பெரும்பாடு. 1980-களில் ஜப்பானின் நகோயாவில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் பாதி மலையை உடைத்தார்கள். மீதியை உடைத்தவர் டோகுஷிமா மாவட்டத்தில் நிச்சியா என்ற, அதிகம் பேருக்குத் தெரியாத கம்பெனியில் வேலை பார்த்த ஷூஜி நகமுரா. டியூப் லைட்டுக்கும் டி.வி.க்கும் ஒளிரும் பொடி செய்கிற கம்பெனி அது. அந்த உலையை அவரே பிரித்து மாற்றி மாற்றிக் கட்டினார். 1993-ல் நிச்சியா அறிவித்த நீல எல்.இ.டி., அதுவரை விற்ற நீலங்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு பிரகாசம்.

2000-ல் கனெக்டருக்குள் எல்லாரும் நீலத்தையே செருகினதற்கு இதுதான் காரணம். சிவப்பும் பச்சையும் நம் வீட்டு ரேடியோவிலேயே இருந்தன. நீலம்தான் புதுசு, விலையும் கூட.

அந்தக் கண்டுபிடிப்புக்கு நகமுராவுக்குக் கம்பெனி கொடுத்த ஊக்கத்தொகை 20,000 யென். விண்ணப்பம் போட்டதற்குப் பத்தாயிரம், பேடன்ட் கிடைத்ததற்குப் பத்தாயிரம். அவர் வேலையை விட்டு அமெரிக்கா போய், 2001-ல் வழக்குப் போட்டார். 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஒரு காஸ்டிங் கணக்குப் போட்டது பாருங்கள்: அந்தப் பேடன்டால் கம்பெனிக்குக் கிடைக்கும் தனி லாபம் ஏறத்தாழ 12,080 கோடி யென். அதில் இவர் பங்களிப்பு 50 சதவீதம். ஆக 6,040 கோடி. அவர் கேட்டது 2,000 கோடிதான், அதனால் அதை முழுசாகக் கொடு! கம்பெனி அப்பீல் போனது. 2005 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் சமரசம். கைக்கு வந்தது வட்டியோடு ஏறத்தாழ 84 கோடி யென். இதில் வேடிக்கை, இந்தத் தொகை அந்த ஒரு பேடன்டுக்கு மட்டுமல்ல, அங்கே அவர் செய்த எல்லாக் கண்டுபிடிப்புகளுக்கும் சேர்த்து. 50 சதவீதம் என்ற பங்களிப்பு 5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. 2014-ல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. 2015-ல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது. இப்போது கம்பெனி முன்கூட்டியே விதி வைத்துக்கொண்டால், ஊழியர் கண்டுபிடிப்புக்கான பேடன்ட் உரிமை ஆரம்பத்திலிருந்தே கம்பெனிக்கு.

படித்தவுடன் எனக்குக் கோபம் வந்தது. காரணம் என் வீடு. அப்பா 22 வருடமாக ஒரு லேத் பட்டறையில் வேலை. ஒரு தடவை, ஒரே நேரத்தில் நாலு பீஸைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு ஜிக் செய்தார். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. தீபாவளிக்கு முதலாளி ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார். இன்றைக்கும் அதில்தான் அப்பா சோறு கொண்டுபோகிறார்.

நகமுரா கதையை அவரிடம் சொன்னேன். கொதிப்பார் என்று பார்த்தால், "மாசா மாசம் சம்பளம் குடுத்தாங்கல்ல? மிஷினு யாரு வாங்கிக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அது நிச்சியாவின் வாதமேதான். பல வருடம் பலன் தராத ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது கம்பெனி. தோற்றிருந்தால் நஷ்டம் அவர்களுக்கு. நகமுரா சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டார். ரிஸ்க் எடுத்தவனுக்கு லாபம் என்று நானே பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனாலும் 20,000 யென்னுக்கும் 6,040 கோடிக்கும் நடுவில் எங்கேயோ ஒரு நியாயமான எண் இருக்கத்தான் வேண்டும். 84 கோடி அந்த எண் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்பா கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "ஒரு ஐநூறு ரூவா சேத்துக் குடுத்திருக்கலாம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

கனெக்டர் கதையை முடித்துவிடுகிறேன். 2003 வாக்கில் சாட்டா வந்து, தட்டையான 15 முனை பவர் கனெக்டரைக் கொண்டுவந்தது. மோலெக்ஸ் மெல்ல ஓரம் போனது. 2014-க்குப் பிறகு கம்பெனிகளே கீபோர்டு முதல் ரேம் வரை பல வண்ண ஆர்.ஜி.பி. விளக்கு வைத்து விற்க ஆரம்பித்தன. 2018-ல் தைவானின் லியான் லி, ஸ்ட்ரைமர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மதர்போர்டுக்குப் போகிற 24 பின் பவர் ஒயரின் மேலேயே எல்.இ.டி. ஓடும். பதினெட்டு வருடம் முன்னால் பையன்கள் கையைச் சுட்டுக்கொண்டு செய்தது, பெட்டியில் அழகாக மடித்து வந்துவிட்டது. அந்தப் பையன்கள் யாரும் பேடன்ட் எடுக்கவில்லை, செய்முறையை எல்லாருக்கும் இலவசமாக எழுதிவைத்தார்கள். அதைப் படித்துத்தான் நானும் செய்தேன்.

பி.கு.: முயற்சி செய்கிறவர்களுக்கு. நீல எல்.இ.டி. ஏறத்தாழ 3.3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். சிவப்பு ஒயர் என்றால் 100 ஓம், மஞ்சள் என்றால் 470 ஓம். நீளமான கால் ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜ் பக்கம், குட்டைக் கால் கறுப்பில். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யவும். என் இரண்டாவது எல்.இ.டி. சிவப்பு ஒயரில் நன்றாக எரிகிறது. ரூம்மேட் மட்டும் இன்னும் சரியாகப் பேசவில்லை.