பண்ணும் பதிவும்: கடலூர்–சிதம்பரம் வட்டாரத்தில் ஒலிப்பதிவு வந்த வழி

கடலூர் மாவட்டத்தில் பாட்டின் சொல்லும் அதன் ஒலியும் ஒரே வழியில் காக்கப்பட்டு வரவில்லை. பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசரும் தேவார மூவருள் ஏனைய இருவரும் பாடிய பதிகங்கள் தில்லைக் கோயிலில் செல்லரித்த ஏடுகளாகக் கிடைத்தன என்றும், நம்பியாண்டார் நம்பி அவற்றைத் தொகுத்த பின்னும் எப்பதிகத்தை எப்பண்ணில் பாடுவது என்பது விளங்காமையால், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரைக் கொண்டு பண்முறை வகுக்கப்பட்டது என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. இன்று இராசேந்திரப்பட்டினம் எனப்படும் அவ்வூர் விருத்தாசலத்தை அடுத்து, இதே மாவட்டத்தில் உள்ளது. கதையில் வரலாறு எவ்வளவு என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்க, சொல்லை ஏடு தாங்கும், பண்ணைப் பாடுவோர்தாம் தாங்க வேண்டும் என்ற நிலைமையை அது ஐயமின்றிக் காட்டுகிறது.

இந்நிலைமையை மாற்ற முயன்ற நவீன நிறுவனங்களுள் 1929இல் சிதம்பரத்தில் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதன்மையானது. அங்கு 1941இல் கூடிய தமிழிசை மாநாட்டை அடுத்து, தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன், அதாவது ஒவ்வோர் எழுத்தும் எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற குறியீட்டுடன், நூல்களாக அச்சிடும் பணி நடந்தது. ஆயினும் சுரக்குறிப்பு பண்ணின் எலும்புக்கூட்டையே காட்டும். சுரங்களுக்கிடையே குரல் இழைந்தும் அசைந்தும் செல்லும் கமகத்தை ஆசிரியரின் வாய்வழியாகவே மாணவர் பெற வேண்டியிருந்தது.

ஒலியையே பிடித்து வைக்கும் இசைத்தட்டுப் பதிவு இந்தியாவில் வணிகமுறையில் தொடங்கியது 1902இல், கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பதிவு நடத்தியபோதுதான். ஒலிவாங்கி வழியாக மின்முறையில் பதிவது 1925ஆம் ஆண்டளவில் தொடங்கும் வரை, பாடகர் ஒரு கூம்புக்குழலின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களே கொண்டமையால் ஆலாபனையும் விருத்தமும் அந்த அளவுக்குச் சுருங்கின. தமிழ்நாட்டில் இத்தொழில் சென்னையில் குவிந்தது. 1917இல் சிதம்பரத்தில் பிறந்த சி. எஸ். ஜெயராமன், 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசனுக்குப் பின்னணி பாடியது போன்ற வாய்ப்புகளைப் பட நிறுவனங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே பெற முடிந்தது. யார் பாடலாம், எதைப் பாடலாம், எவ்வளவு நேரம் பாடலாம் என்பவற்றைக் கூடத்தின் உரிமையாளரும் தட்டு நிறுவனமுமே முடிவு செய்தனர்.

1939இல் திருச்சிராப்பள்ளியிலும் 1967இல் கடலூருக்கு அண்மையில் புதுச்சேரியிலும் தொடங்கப்பட்ட வானொலி நிலையங்கள் பதிவுக்கூடத்தின் தொலைவைக் குறைத்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா கேசட் 1980களில் தமிழ்நாட்டின் சிறுநகரங்கள் எங்கும் பரவி, கோயில் கச்சேரியையும் பட்டிமன்றத்தையும் டேப் ரெக்கார்டரில் பிடிக்கும் வழக்கத்தை உண்டாக்கியது. ஆனால் கேசட் எளிதாக்கியது படியெடுப்பதைத்தான். குரல், வயலின், மிருதங்கம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து, ஒவ்வொன்றின் அளவையும் பின்னர் சரிசெய்து கலக்கும் பல்தடப் பதிவு விலையுயர்ந்த கருவிகள் உள்ள கூடங்களிலேயே தங்கியது.

அத்தொழில் கணினிக்குள் நுழைந்தபோதும் முதலில் விலை குறையவில்லை. 1991இல் வந்த புரோ டூல்ஸ் என்ற பதிவுத் தொகுதி, நான்கு தடங்களுக்கு ஏறத்தாழ 6,000 டாலர் விலையுடையதாக இருந்தது. நிலைமையை மாற்றியவை அதன் பின் வந்த கட்டற்ற மென்பொருள்கள். மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமத்துடன் வெளியிடப்படுபவை அப்பெயர் பெறும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டானன்பெர்க்கும் தொடங்கிய ஆடாசிட்டி 2000 மே மாதத்தில் வெளிவந்தது. பால் டேவிஸ் தொடங்கிய ஆர்டர் என்ற மென்பொருள் லினக்ஸ் கணினிகளுக்குப் பல்தடப் பதிவைக் கொண்டுவந்தது. கட்டற்றதாக இல்லாவிடினும் குறைந்த உரிமக் கட்டணமும் 60 நாள் சோதனைக் காலமும் உடைய ரீப்பர் அவற்றை அடுத்து வந்தது. 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தமையால், பதிவுக்கு வேண்டிய கணினியும் மென்பொருளும் முதன்முறையாகக் கடலூர், சிதம்பரம் மாணவர்களின் வீட்டுக்குள்ளேயே சேரும் வாய்ப்பு ஏற்பட்டது.

கருவி கைக்கு வந்தவுடன் பதிவு வந்துவிடுவதில்லை. இம்மென்பொருள்கள் மேற்கத்திய இசைப் பழக்கத்தை இயல்பாகக் கொண்டு அமைந்தவை ஆதலால், நம் இசைக்கு அவற்றைக் கற்பது என்பது பெரும்பாலும் எந்தெந்த வசதியை அணைத்து வைப்பது என்று கற்பதாகவே அமைகிறது. இவ்வகை மென்பொருள் பலவற்றில் புதிய கோப்பைத் திறந்தால் நிமிடத்துக்கு 120 தட்டு என்ற கட்டம் திரையில் தயாராக நிற்கும். திருநாவுக்கரசரின் திருத்தாண்டகமோ தாளக் கட்டின்றிப் பாடப்படுவது, ஆகவே ஓதுவாரின் குரலை அக்கட்டத்தில் பொருத்த முயன்றால் பாட்டு கெடும். சுருதியைத் தானே திருத்தும் வசதி பன்னிரண்டு நிலைத்த சுரத்தானங்களை அளவாகக் கொள்வதால், கமகத்தைப் பிழையெனக் கருதி நேராக்கிவிடும். இரைச்சல் நீக்கும் வசதி, பதிவின் ஒரு சிறு பகுதியை மாதிரியாகக் கேட்டு, அதிலுள்ள மாறாத ஒலியை முழுப் பதிவிலிருந்தும் குறைக்கிறது. தம்புரா ஒலிக்கும் இடத்தை மாதிரியாகக் கொடுத்தால் மின்விசிறியின் இரைச்சலோடு தம்புராவும் கரைந்துபோகும். எனவே பாட்டு தொடங்கும் முன், தம்புராவையும் மீட்டாமல், அறையின் வெறும் ஒலியைச் சில நொடிகள் பதிந்துகொள்வது முதற்பாடமாகிறது.

மற்றொரு பாடம் ஒலியளவு பற்றியது. ஒலிநாடாவில் அளவு மீறினால் ஒலி மெல்லக் கரகரக்கும். கணினிப் பதிவில் உச்ச எல்லைக்கு மேல் உள்ள அலை அப்படியே வெட்டுப்பட்டுவிடும், வெட்டுப்பட்டதை மீட்க இயலாது. திறந்த வெளிக்கென அமைந்த நாதசுரத்தையும் தவிலையும் பதிவோர் அளவுமானியை எல்லைக்கு மிகக் கீழே வைத்துத் தொடங்க வேண்டியிருப்பது இதனால்தான். மேலும், முன்பு பதிந்த குரலைக் கேட்டுக்கொண்டே மிருதங்கத்தை அடுத்த தடத்தில் பதியும்போது, ஒலி கணினிக்குள் சென்று திரும்பும் நேரத்தால் வாசிப்பு பிந்தி விழும். ஆடாசிட்டி இதற்கென 130 மில்லி நொடி முன்தள்ளும் திருத்தத்தை இயல்பாக வைத்திருந்தாலும் ஒவ்வொரு கணினிக்கும் தாமதம் வேறுபடுவதால், ஒரு கைத்தட்டலைப் பதிந்து அளந்து அவ்வெண்ணை மாற்றிக்கொள்வதே முறை.

பழைய கூடங்களில் இவற்றையெல்லாம் ஒலிப்பதிவாளர் ஒருவர் பார்த்துக்கொண்டார். இன்று பாடுவோரே அவராகவும் ஆக வேண்டியுள்ளது. கூடம் விதித்த மூன்றரை நிமிடம் நீங்கிய இடத்தில், மென்பொருள் விதிக்கும் தட்டும் கட்டமும் வந்து நிற்கின்றன. ஆனால் இசைத்தட்டு நிறுவனத்தின் விதியைச் சிதம்பரத்துப் பாடகர் திருத்த முடிந்ததில்லை. கட்டற்ற மென்பொருளின் விதியைத் திருத்தலாம். ஆடாசிட்டிக்குள்ளேயே டானன்பெர்க் உருவாக்கிய நைக்விஸ்ட் என்ற நிரல்மொழி அமைந்திருப்பதால், விரும்பிய சுருதியில் ஆதார ஒலி எழுப்பும் சிறு செருகுநிரலைக் கல்லூரி மாணவர் ஒருவரே எழுதிச் சேர்க்க இயலும். விலையின்மையோடு நிறைவடைந்துவிட்டால் இவ்வாய்ப்பில் பாதிதான் பயன்படும். இசைக் கல்வியும் நிரல் கல்வியும் ஒரே வகுப்பில் சந்திக்கும் போதே பண்ணுக்கு ஏற்ற பதிவுக்கருவி இவ்வட்டாரத்திலேயே உருவாகும்.