எங்க ஊருக்கு டிவி வந்த கதையும் ஒரு சின்னப் பெட்டியும்

போன வாரம் மெட்ராஸ்ல இருந்து மக போன் பண்ணினா. "அப்பா, தீபாவளிக்கு வாரப்ப நம்ம டிவிக்கு ஒரு ஸ்ட்ரீமிங் பாக்ஸ் வாங்கிட்டு வாரேன். எது வேணும்னு பாத்துச் சொல்லுங்க"ன்னா. மிளகாய் விதைன்னா கையில எடுத்துப் பாத்ததும் சொல்லிருவேன். இது எனக்குத் தெரியாத சரக்கு. நாலு பேரைக் கேட்டேன், கடைக்குப் போனேன், கடைசியில ஒரு வீட்டுல உக்காந்து பாத்தும் வந்தேன். அப்படி அலையும்போதுதான் இதுவரைக்கும் எங்க ஊருக்குள்ள எத்தனை பெட்டி வந்திருக்குன்னு எண்ண ஆரம்பிச்சேன். அதை எழுதலாம்னு தோணிச்சு.

எங்க ஊர் விளாத்திகுளம் பக்கம். கரிசல் காடு. மானாவாரி. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஊருக்கு இருந்த ஒரே பெட்டி பஞ்சாயத்து ரேடியோ. சாவி ஒருத்தர் கையில இருக்கும். சாயங்காலம் அவர் வந்து பூட்டைத் திறந்து போட்டா, கம்பத்து மேல இருக்கிற குழாய் பேசும். திருநெல்வேலி வானொலி கேக்கும். அவருக்கு மனசு இருந்தா இலங்கை வானொலியும் கேக்கும். குழாய்ச் சத்தத்துக்குத் தெருக் கணக்கு கிடையாது. மேலத்தெருவுல கேட்டது காலனியிலயும் கேட்டுச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

டிவி விஷயத்துல எங்களுக்கு முந்தி டில்லிக்காரங்க. 1959-லயே அங்க சோதனை ஒளிபரப்பு தொடங்கியாச்சு. மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. அதே ஆகஸ்ட் மாசம் ஒண்ணாந்தேதி இன்னொரு காரியமும் நடந்துச்சு. அமெரிக்காவோட ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு வாங்கி, ஆறு மாநிலத்துல 2,400 கிராமத்துக்கு நேரா டிவி காட்டினாங்க. வானத்தைப் பாத்து வச்ச தட்டு, கோழிவலைக் கம்பியில செஞ்சது. ஆந்திரா, கர்நாடகா கிராமமெல்லாம் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. தமிழ்நாடு இல்ல. மெட்ராஸ் கோபுரத்துப் படம் எங்க ஊருக்கு எட்டவும் எட்டாது. ஆக, எங்களுக்கு முதல்ல வந்தது மெட்ராஸ் டிவியும் இல்ல, டில்லி டிவியும் இல்ல. சிலோன் டிவி!

1982 பிப்ரவரியில ரூபவாஹினி தொடங்கினாங்க. கடலைத் தாண்டி இந்தப் பக்கம் படம் தெரியுதுன்னு பேச்சு வந்துச்சு. எங்க ஊர்ல பஞ்சு கமிஷன் கடை வச்சிருந்த ஒருத்தர் வீட்டு மாடியில நாற்பதடி இரும்புக் குழாய் நட்டு, உச்சியில ஏரியல் கட்டி, பூஸ்டர் போட்டு, தென்கிழக்க பாத்துத் திருப்பி வச்சாங்க. காத்தடிச்சா திரும்பிக்கும். மாடியில ஒருத்தன், நடு வீட்டுல ஒருத்தன், வாசல்ல ஒருத்தன். "தெரியுதா?" "இல்ல." "இப்ப?" "வந்துச்சு, வந்துச்சு, விடாத!" கோடையில கடல் அசையாம கிடக்கிற ராத்திரியில படம் பளிச்சுன்னு இருக்கும். ஐப்பசி மழையில வெறும் புள்ளிதான். சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது. இருந்தும் உக்காந்து பாத்தோம். தமிழ் நிகழ்ச்சி வர்ற அன்னைக்கு ஊரே அங்கதான்.

"ஊரே"ன்னு எழுதிட்டேன். பழகின பொய் அது. டிவி வந்த புதுசுல ஊரே ஒரு வீட்டுல கூடிப் பாத்தோம்னு நம்மாளுக பேசுறதை நீங்களும் கேட்டிருப்பீங்க. நானும் பல தடவை பேசியிருக்கேன், இந்த வலைப்பூவுலயே ஒரு தடவை எழுதியிருக்கேன். நடந்தது வேற. நாங்க உள்ள, பாயில உக்காந்திருப்போம். எங்கூட அஞ்சாப்பு வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்ச என் கூட்டாளி, காலனிப் பையன், வெளிய சன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பான். அவன்கூட ஏழெட்டுப் பேர். உள்ள இடம் இருந்துச்சு. யாரும் அவனைப் போன்னும் சொல்லல, வான்னும் சொல்லல. அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ரேடியோக் குழாய் எல்லாத் தெருவுக்கும் பேசுச்சு. டிவிக்கு வீடு வேணும், வீட்டுக்கு வாசப்படி உண்டு.

ஒரு நாள் கிரிக்கெட் ஓடிக்கிட்டு இருக்கு. மழை பிடிச்சுக்கிச்சு. வீட்டுக்கார அம்மா சாரல் அடிக்குதுன்னு சன்னலைச் சாத்தினாங்க. அவங்க மேல தப்பு இல்ல, சாரல் நிஜமாவே அடிச்சுச்சு. நான் திரும்பிப் பாத்தேன். பிறகு மறுபடி டிவியைப் பாத்தேன். இவ்வளவுதான் நடந்துச்சு. எனக்கு அப்ப பதிமூணு வயசு இருக்கும்.

பிறகு கொடைக்கானல் மலையில தூர்தர்ஷன் கோபுரம் வந்து, ஏரியலை வடமேற்கே திருப்பினோம். சிலோனுக்கு முதுகைக் காட்டிக் கொடைக்கானலுக்கு முகத்தைக் காட்டினாப்புல. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம். 'வயலும் வாழ்வும்' வந்தா அப்பா மட்டும் முன்னாடி நகந்து உக்காருவாரு. 1988 அக்டோபர்ல தொடங்கின மகாபாரதம் முழுக்க இந்தி. கதை தெரிஞ்சதால பாஷை தேவைப்படல. பஞ்சாயத்துக்கும் ஒரு டிவி வந்துச்சு. பொது டிவி. வச்ச இடம் மேலத்தெரு. ரெண்டு வருஷத்துல படம் போச்சு, சரி பண்ண ஆள் இல்ல. பெட்டி மட்டும் துணி போத்தி ரொம்ப நாள் இருந்துச்சு.

எங்க வீட்டுக்கு டிவி வந்தது 1994-ல. அந்த வருஷம் மிளகாய்க்கு நல்ல விலை. அதுக்கு முந்தின ஏப்ரல் 14, தமிழ் வருஷப்பிறப்பு அன்னைக்குத்தான் சன் டிவி தொடங்கியிருந்தாங்க. கேபிள் வயர் கம்பத்துக்குக் கம்பம் தாவி எங்க தெருவுக்கு வந்துச்சு. காலனிக்குப் போகல. "வயர் பத்தல"ன்னாரு கேபிள்காரர். முன்னூறு அடி வயர் பத்துறதுக்கு ஏழெட்டு வருஷம் ஆச்சு. கூட்டாளி இப்ப எங்க நிலத்துல வாரத்துக்கு உழுதுக்கிட்டிருந்தான். சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து கதவு வழியா சீரியல் பாப்பான். அவன் பொண்டாட்டி, தங்கச்சி, பிள்ளைக எல்லாரும் திண்ணையில. அம்மா நல்லவதான். காப்பி குடுப்பா. ஆனா திண்ணையிலதான்.

2006 தேர்தல்ல தி.மு.க. இலவச கலர் டிவின்னு சொன்னாங்க. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள்ல குடுக்க ஆரம்பிச்சாங்க. பதினாலு அங்குல டிவி. எங்க ஊர் முறை வர ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. டவுன்ல படிச்சவங்க இதை எவ்வளவு கேலி பண்ணினாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரசாங்கப் பணம் வீணாப் போகுது, ஜனங்க சோம்பேறியாகுறாங்க. நானும் டீக்கடையில அப்படிப் பேசினவன்தான். டிராக்டர்ல அட்டைப்பெட்டி வந்து இறங்கின அன்னைக்குச் சாயங்காலம் எங்க திண்ணை காலி. மறுநாளும் காலி. அம்மா ரெண்டு தடவை வாசலை எட்டிப் பாத்துட்டு, "ஏன் ஒருத்தரும் வரல?"ன்னா. எனக்கு உறைச்சது அப்பதான். அந்தப் பெட்டி எதுக்குன்னு கேட்டவன் ஒருத்தனும் சன்னலுக்கு வெளிய நின்னவன் கிடையாது.

மத்தது வேகமா ஓடிருச்சு. 2011-ல அரசு கேபிள் மாசம் எழுபது ரூபாய்க்கு வந்துச்சு. 2017-ல டிஜிட்டல் செட்டாப் பாக்ஸ். 2019 பிப்ரவரியில டிராய் புது விதி, நூறு சேனலுக்கு வரியோட 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனலுக்குத் தனி விலை. அதுக்கு நடுவுல 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து, ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு படம். இப்ப எங்க வீட்டுல டிவி முன்னாடி உக்காந்திருக்கிறது எண்பதைத் தாண்டின அம்மா மட்டும்தான்.

இனி பெட்டிக்கு வாரேன். இதுவும் நேத்து முளைச்சது இல்ல. அமெரிக்காவுல ஆப்பிள் டிவி 2007, ரோகு 2008, கூகுளோட குரோம்காஸ்ட் 2013. ஃபயர் டிவி ஸ்டிக் நம்ம நாட்டுக்கு 2017-ல வந்துச்சு. எல்லாம் ஒரே வேலைதான். இணையத்துல இருந்து படத்தை இழுத்து, டிவிக்குப் பின்னாடி இருக்கிற எச்.டி.எம்.ஐ. ஓட்டை வழியா உள்ள அனுப்பும்.

மக சொல்லுறதுக்கு முன்னாடியே நான் ஒரு தடவை ஏமாந்திருக்கேன். டவுன்ல ஒரு கடையில பேர் இல்லாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒண்ணை 1,800 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். "எல்லாம் வரும் அண்ணாச்சி"ன்னாரு கடைக்காரர். வந்துச்சு, ஆனா பழைய சிலோன் டிவி மாதிரி மங்கலா வந்துச்சு. காரணம் இப்பத்தான் தெரியும். படக் கம்பெனிக திருட்டுக்குப் பயந்து படத்துக்கு ஒரு பூட்டுப் போட்டு அனுப்புறாங்க. அதைத் திறக்கிற அங்கீகாரம் இல்லாத பெட்டிக்குத் தெளிவான படத்தைக் குடுக்க மாட்டாங்க. விலை குறைவுன்னு பேர் இல்லாததை வாங்காதீங்க.

சரி, யாரைக் கேக்கலாம்னு யோசிச்சப்ப என் கூட்டாளி மகன் ஞாபகம் வந்துச்சு. டிப்ளமா படிச்சவன், இப்ப இந்த வட்டாரத்துக்கே ஃபைபர் லைன் இழுக்கிறான். காலனிக்குத்தான் முதல் லைன் போட்டான், பிறகுதான் எங்க தெரு. "எங்க வீட்டுலயே ஓடுது சார், வந்து பாருங்க"ன்னான். அவன் அப்பன் என்னை அண்ணாச்சிம்பான், என்னைவிட ரெண்டு மாசம் மூத்தவன். மகன் சார்ங்கிறான்.

போனேன். இத்தனை வருஷத்துல அவன் வீட்டுக்குள்ள போய் உக்காந்தது அது மூணாவது தடவைன்னு நினைக்கிறேன். ரெண்டு தடவை துட்டிக்கு. கூட்டாளி நாற்காலியைத் துடைச்சுப் போட்டான். சுவத்துல 43 அங்குல டிவி. ஓடிக்கிட்டிருந்தது வில்லுப்பாட்டு! பக்கத்து ஊர்க் கொடையில பாடினதை யாரோ யூடியூபுல ஏத்தியிருக்காங்க. எந்தச் சேனல்காரன் இதை முழுசாக் காட்டுவான்? அம்மா அந்தக் காலத்துல விடிய விடிய உக்காந்து கேட்ட கதை.

பையன் எனக்குப் புரியுற மாதிரி சொன்னான். எங்க டிவி 2014-ல வாங்கின 32 அங்குலம். அதுக்கு 4கே பெட்டி வாங்குறது கிணத்துல தண்ணி இல்லாம அஞ்சு குதிரைச் சக்தி மோட்டார் இறக்கிற கதை. சாதா எச்.டி. போதும். எச்.டி. படத்துக்கு அஞ்சு எம்.பி. வேகம், 4கேக்குப் பதினஞ்சு. மணிக்கு மூணு ஜி.பி. வரைக்கும் இழுக்கும், அதனால போன் நெட்டுல ஓட்டினா கட்டுப்படியாகாது, ஃபைபர் லைன்தான் சரி. டிவியில இருக்கிற யு.எஸ்.பி. ஓட்டையில கரண்டு எடுத்தா பெட்டி அப்பப்ப நின்னு நின்னு வரும், கூட வர்ற அடாப்டர்லதான் மாட்டணும். எங்க வீட்டுச் சுவர் ஒண்ணரை அடிக் கல்சுவர், வை-ஃபை தாண்டாது. ஒண்ணு மோடத்தை டிவி இருக்கிற அறையில வைக்கணும், இல்லேன்னா வயர் சொருகுற ஓட்டை உள்ள பெட்டியா வாங்கணும்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அம்மாவுக்கு முடியுமா? அவளுக்கு இப்ப சிவப்புப் பொத்தானும், ஏத்தி இறக்குற பொத்தானும் மட்டும் தெரியும். வேற எதையாவது அமுக்கி 'சிக்னல் இல்லை'ன்னு வந்துட்டா, நாங்க காட்டுல இருந்து திரும்புற வரைக்கும் நீலத் திரையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. அதுக்கும் வழி சொன்னான். கேபிள் பாக்ஸ் அப்படியே இருக்கட்டும், இதை ரெண்டாவது எச்.டி.எம்.ஐ.யில மாட்டுவோம். டிவியில சி.இ.சி.ன்னு ஒரு வசதி இருக்கு, அதைப் போட்டுவிட்டா இந்த ரிமோட்டுல வீடுன்னு படம் போட்ட பொத்தானை அமுக்கினதும் டிவி தானா இந்தப் பக்கம் திரும்பிரும். அந்த ஒரு பொத்தான்ல மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் வச்சுவிடுறேன்னான். அவங்க ஆச்சிக்கு அப்படித்தான் வச்சிருக்கானாம்.

அன்னைக்கு ராத்திரியே மகளுக்குச் சொல்லிட்டேன். குச்சி மாதிரி இருக்கிறதே போதும், 4கே வேண்டாம், பேர் உள்ள கம்பெனி, டிவி சத்தத்தையும் அதே ரிமோட்டுல கூட்டிக் குறைக்கிற மாதிரி இருக்கணும். மோடத்தை டிவி அறைக்கு மாத்தி, இன்வெர்ட்டர்ல சேத்துக்கிடலாம்.

மாட்டுறதுக்குப் பையன் தீபாவளிக்கு மறுநாள் வாரான். அப்பனையும் கூட்டிட்டு வா, எல்லாரும் உக்காந்து அந்த வில்லுப்பாட்டை முழுசாப் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெத்தலை இடிச்சுக்கிட்டே இருந்தா. பிறகு, "அவங்களுக்குத் திண்ணையில ஜமுக்காளம் விரிக்கவா?"ன்னு கேட்டா.

"இல்லம்மா, உள்ள நாற்காலி போடுறேன்"னேன்.

உலக்கையைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. மறுபடி இடிக்க ஆரம்பிச்சுட்டா.