பாம்பன் காற்றும் புல்லட்டின் பொறியும்

தங்கச்சிமடத்தில் சித்தப்பா வீட்டில் ஒரு புல்லட் 350 இருக்கிறது. அப்பா ஓட்டியது. இப்போது சித்தப்பா அதில் மீன் பெட்டி கட்டி, விடியற்காலையில் பாம்பனில் ஏலம் எடுத்து ராமநாதபுரம் கொண்டுபோகிறார். போன மாதம் நான் போயிருந்தபோது வண்டி மூன்று நாளாக மக்கர். அஞ்சு மணிக்கு உதைத்தால் கிளம்பாது. பத்து மணிக்கு ஒரே உதையில் கிளம்பும். பத்து மணிக்கு மேல் ஏலத்தில் என்ன மீன் இருக்கும்? "எடைக்குப் போட்ருவோம் தம்பி"ன்னு சித்தப்பா சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

மெக்கானிக் காயிலும் பிளக்கும் புதுசு போட்டிருந்தார். "காலைல கரண்டு எறங்குதுண்ணே, ஏன்னு தெரியல" என்றார்.

நம்மூர் பட்டறைகளில் பாயிண்ட்டைப் 'பிளாட்டினம்' என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது டங்ஸ்டன். பழைய மேக்னெட்டோக்களில் நிஜமாகவே பிளாட்டினம் வைத்தார்கள்; உலோகம் மாறிப்போய் நூறு வருஷம் ஆகப்போகிறது, பெயர் மட்டும் பட்டறையில் தங்கிவிட்டது. 1902இல் பாஷ் கம்பெனியில் காட்லோப் ஹோனோல்ட் உயரழுத்த மேக்னெட்டோவைச் செய்தார். அடுத்த பத்தாண்டுக்குள் அமெரிக்காவில் கெட்டரிங், பேட்டரி, காயில், பாயிண்ட் மூன்றையும் சேர்த்துக் காருக்குக் கொடுத்தார். 1955இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிக் கட்டிய புல்லட்டில் பல பத்தாண்டு ஓடியது இந்த இரண்டாவது முறைதான். 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, 1961இல் பாடியில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இரண்டும் வந்தபிறகு பிளக்கும் மின்சாமான்களும் உள்நாட்டிலேயே தயாராயின.

பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடி காந்தப்புலம் நிற்கும். பாயிண்ட் திறந்த கணத்தில் புலம் சரிந்து பல ஆயிரம் வோல்ட் பிறக்கும். பாயிண்ட்டிலேயே பொறி பறந்து அது வீணாகாமல் கண்டென்சர் பிடித்துக்கொள்ளும். கண்டென்சர் செத்தால் பாயிண்ட் கருகும், பிளக்கில் பொறி மஞ்சளாக மெலியும். நான் முதலில் சந்தேகப்பட்டது அதைத்தான். கழற்றிப் பார்த்தால் பாயிண்ட் சுத்தமாக இருந்தது, இடைவெளியும் 0.38 மில்லிமீட்டர். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஹெட்லைட் மேலுள்ள அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நடுவுக்கு வந்தது. ஆக, பாயிண்ட் ஒழுங்காக மூடித் திறக்கிறது. பிளக் பெட்ரோலில் நனைந்திருந்ததால் கார்புரேட்டர் மேலும் பழி இல்லை.

மறுநாள் நாலரை மணிக்கு எழுந்தேன். பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, வயர் நுனியை இன்ஜின் ஃபின்னிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து சித்தப்பாவை உதைக்கச் சொன்னேன். (பிளாஸ்டிக் இடுக்கியில்தான் பிடித்தேன், கையில் பிடித்து அனுபவம் உண்டு.) 'டப்'பென்று நீலப் பொறி. காற்றில் அவ்வளவு தூரம் தாண்ட பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். காயில் தேறிவிட்டது. கேப்பை மாட்டி பிளக்கோடு சோதித்தால் நூல் மாதிரி ஒரு மஞ்சள் பொறி, அதுவும் ஒன்றுவிட்டு ஒன்று. டார்ச்சை அணைத்தோம். அப்போதுதான் தெரிந்தது: கேப்பின் வெளிப்புறத்தில் நீலமாக மெல்லிய கோடுகள் ஊர்ந்து இன்ஜினில் இறங்கின. "அட, இது வெளியிலயே ஓடுதே!" என்றார் சித்தப்பா.

உப்பு. கேப்பை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரித்தது. சாப்பாட்டு உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்னாலேயே. விடியற்காலையில் கேப் முழுக்க மின்கடத்தும் ஈரப்படலம், வெயில் ஏறினால் காய்ந்த தூள். பத்து மணிக் கணக்கு இதுதான். இன்ஜினுக்குள் இன்னும் மோசம்: அழுத்தப்பட்ட காற்றில் பொறி தாண்டக் கூடுதல் வோல்ட் வேண்டும், அதனால் மின்சாரம் வெளியே உள்ள சுலபமான வழியைப் பிடித்துக்கொள்கிறது.

மயாமிக்கு அடுத்து உலகிலேயே அதிகம் துருப்பிடிக்கும் இடம் பாம்பன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த ரேங்க் எனக்கு முக்கியமில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் இரும்புத் தகடுகளைக் காற்றில் தொங்கவிட்டுத் துருவை அளந்தது, அதுபோதும். 1914இல் திறந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2இல்தான் திறந்தார்கள். அதுவரை தீவுக்கு மோட்டார் சைக்கிள் வருவதென்றால் ரயிலில் ஏற்றித்தான் வரவேண்டும். அப்பா அந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை.

1980களில் ஜப்பான் கூட்டோடு வந்த வண்டிகள் சி.டி.ஐ. கொண்டுவந்தன, பாயிண்ட் ஒழிந்தது. ஆனால் வயரும் கேப்பும் அப்படியே. உப்புக்கு அதில் மாற்றம் ஒன்றும் தெரியாது.

பழைய கேப்பில் மின்சாரம் ஓடிய இடம் கருகிக் கோடாகியிருந்ததால் கழுவிப் பயனில்லை. புதுசு மாட்டி, வயரையும் பிளக் பீங்கானையும் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்தோம். அடுத்த நாள் அஞ்சு மணிக்கு இரண்டாவது உதையில் கிளம்பியது. இப்போது சித்தப்பா ராத்திரி படுக்கும்முன் ஈரத்துணியும் காய்ந்த துணியுமாக ஒரு துடை துடைக்கிறார். சித்திதான், "என்னையக்கூட இப்படிப் பாத்ததில்ல" என்கிறார்.