முட்டுச்சந்தின் உத்தரமும் முழு ரொட்டியும்: எரூவ் சட்டத்தில் அண்டைவீட்டார் ஒப்புதல்

பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், ஓய்வுநாளில் பொருள் சுமக்க வழிசெய்யும் எரூவ் ஏற்பாட்டைப் பேசும் 'எரூவின்' பகுதி ஒரு தச்சுக் கணக்கோடு தொடங்குகிறது. முட்டுச்சந்தின் வாயில் குறுக்கே வைத்த உத்தரம் 20 முழத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் அதைத் தாழ்த்த வேண்டும். வேண்டியதில்லை என்கிறார் ரபி யெகூதா. வாய் 10 முழத்துக்கு மேல் அகன்றிருந்தால் குறுக்க வேண்டும். ஆனால் வாசல்நிலை போன்ற அமைப்பு நிறுத்தியிருந்தால் அகலம் பொருட்டல்ல. அடுத்ததாக, பக்கக் கட்டையும் உத்தரமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது ஷம்மாய் பள்ளி. ஏதேனும் ஒன்று போதும் என்கிறது ஹில்லேல் பள்ளி. உத்தரம் அரைச்செங்கல் ஒன்றைத் தாங்குமளவு அகன்றிருந்தால் சரி.

இந்தக் கணக்கை மட்டும் படிப்பவர்கள், ஓய்வுநாள் சுமைத் தடையைத் தந்திரமாகக் கடக்கும் ஏற்பாடு என்று இதை எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். வாசிப்பு முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுவதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். உத்தரம் சந்தின் எல்லையைத்தான் வரைகிறது. அந்த எல்லைக்குள் பொருளை எடுத்துச் செல்லும் உரிமை, சந்தில் வாழும் ஒவ்வொரு குடித்தனத்தின் இசைவையும் சார்ந்திருக்கிறது. சட்டத்தின் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் செலவாகியிருக்கிறது.

சபாத் என்னும் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வேலைகளில் ஒன்று, தனியிடத்திலிருந்து பொதுவிடத்துக்கோ மறுதிசையிலோ பொருளைக் கொண்டுசெல்வது. பொதுவிடத்திலேயே நான்கு முழம் சுமப்பதும் இதில் அடங்கும். அக்காலக் குடியிருப்பில் வீடுகள் முற்றத்தை நோக்கித் திறந்தன. முற்றங்கள் சந்துக்குள் திறந்தன. சந்து பெருந்தெருவில் போய்ச் சேர்ந்தது. மூன்று புறமும் சுவர் உள்ள சந்து, தோரா சட்டப்படி பொதுவிடம் அல்ல. ஆயினும் பலர் பங்கு கொண்ட இடமாதலால் அங்கும் சுமக்கக் கூடாது என்று அறிஞர்கள் தடை விதித்து, அந்தத் தடையைத் தளர்த்தும் வழியையும் தாங்களே வகுத்தார்கள். இந்த ஏற்பாட்டைச் சாலமோன் அரசரே செய்தார் என்கிறது மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத். முற்றத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுபோகலாம் என்றால் ஊரிலிருந்து வயலுக்கும் கொண்டுபோகலாம் என்று மக்கள் எண்ணிவிடக் கூடாதே என்பது இடைக்கால அறிஞர் மைமோனிடஸ் தரும் விளக்கம். ரபிகளுக்கு முந்தைய யூபிலி நூல் வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோவதையே விலக்கியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் ரபிகளின் வழி எந்தத் திசையில் சாய்கிறது என்பது விளங்கும்.

தளர்த்தும் கருவி ரொட்டி. முற்றத்துக் குடித்தனங்கள் ஆளுக்கொரு ரொட்டி கொடுத்து, அவற்றை ஒரே வீட்டில் சேர்த்து வைக்கின்றன. ஒரே உணவில் பங்குள்ளவர்கள் ஒரே வீட்டாராகக் கொள்ளப்படுகிறார்கள். சந்து முழுவதற்குமான கூட்டுக்கு ரொட்டிதான் என்றில்லை, வேறு உணவும் ஆகும். ஆனால் முற்றத்து ரொட்டிக்கு ஒரு விசித்திரமான நிபந்தனையை ரபி யெகோசுவா வைக்கிறார்: மிகச் சிறியதானாலும் முழு ரொட்டியாக இருந்தால் செல்லும், எவ்வளவு பெரியதானாலும் துண்டாக இருந்தால் செல்லாது. ஏன் என்று கேட்கும் தல்மூத், மனக்கசப்பு என்று ஒரே சொல்லில் விடை தருகிறது. நான் முழுசாகக் கொடுத்தேன், நீ துண்டைக் கொடுத்தாய் என்ற பேச்சு எழக் கூடாதாம். உத்தரத்தின் அகலத்தை அளந்த அதே சட்டம் பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பையும் கணக்கில் எடுக்கிறது. வெறும் தந்திரமென்றால் இந்த அக்கறைக்கு அங்கே வேலை இல்லை.

எருசலேம் தல்மூத் இன்னும் ஒரு படி மேலே போய், முற்றத்து எரூவுக்குக் காரணமே சமாதானம்தான் என்கிறது. அதற்கு அது சொல்லும் கதையில், பக்கத்து வீட்டுக்காரியோடு பகையாயிருந்த ஒரு பெண் தன் பங்கை மகனிடம் கொடுத்தனுப்புகிறாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பையனை அணைத்து முத்தமிடுகிறாள். அவன் வந்து சொன்னதைக் கேட்டுத் தாயின் மனம் மாறுகிறது, இருவரும் சமாதானமாகிறார்கள்.

இதை மட்டும் மேற்கோள் காட்டி நிறுத்துவது நேர்மையாகாது. எரூவை ஏற்காதவர் சந்தில் இருந்தால் என்ன செய்வது? ரபான் கமாலியேல் தம் இளமை நினைவொன்றைச் சொல்கிறார். எருசலேமில் அவர் குடும்பத்தோடு ஒரே சந்தில், ரபிகளின் மரபை ஏற்காத சதுசேயப் பிரிவினர் ஒருவர் குடியிருந்தார். அவர் தம் சாமான்களை வெளியே எடுத்து உங்களுக்குத் தடை ஆகுமுன், நம்முடையவற்றைச் சீக்கிரம் சந்துக்குக் கொண்டுபோங்கள் என்று தந்தை வீட்டாரை விரட்டினாராம். மாற்றுக் கருத்துடைய ஒரே ஒரு அண்டைவீட்டாரின் உரிமைக்கு முன் மொத்தச் சந்தும் ஓட்டம் பிடிக்கிறது.

யூதரல்லாதவர் விஷயம் இன்னும் கடினம். அவருடைய பங்கை வாடகைக்கு எடுத்தால்தான் சுமக்க முடியும். மிக அற்பத் தொகையும் போதும். அவருடைய செயல்களை யூதர்கள் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதே தல்மூத் இதற்குச் சொல்லும் காரணம். அதாவது, அவரோடு ஒரே முற்றத்தில் குடியிருப்பதையே தொல்லையாக்குவது நோக்கம். விலக்கி வைக்கும் இந்த நோக்கத்தை மறைக்க முடியாது. ஆனால் விளைவு வேறாயிற்று. பாபிலோனியாவில் லாக்மான் பர் ரிஸ்தாக் என்ற யூதரல்லாதவர் குடியிருந்த சந்தில், வாடகைக்குத் தரமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். விவகாரம் அபாயே, ராவா என்ற அறிஞர்களிடம் போயிற்று. உங்களில் ஒருவர் அவரோடு நெருங்கிப் பழகி, அவர் வீட்டில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கி, அதில் ஏதாவது ஒரு பொருளை வைக்கட்டும் என்றார் ராவா. அப்படிச் செய்பவர் லாக்மானின் வேலையாள் போலாகி, லாக்மான் பேரில் பங்கு தர முடியும். விலக்குவதற்கு வந்த விதி, கடைசியில் பழகச் சொல்கிறது.

அறிஞர்களின் சொந்தச் சந்தே ஒழுங்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ரப்பாவும் அபாயேயும் வாழ்ந்த சந்தில் விருத்தசேதனக் குழந்தைக்கு வைத்திருந்த வெந்நீர் கொட்டிப்போனது. வேறு வீட்டிலிருந்து கொண்டுவரலாமென்றால் எரூவே போடவில்லை. இரண்டு பெரியவர்கள் இருந்துமா என்று கேட்டதற்கு அபாயே கூறிய பதில் சுவையானது: ரப்பாவுக்கு அது வழக்கமில்லை, எனக்கோ படிப்பு, மற்றவர்களுக்கு அக்கறையில்லை. தாமே எல்லாருக்காகவும் ரொட்டி கொடுக்கலாமென்றால், பிறகு யாராவது தம் பங்கைக் கேட்டால் கொடுக்க வசதியில்லை என்றும் சொன்னார்.

இந்தச் சிக்கல்களுக்கு மாற்றாக, நகரத் தலைவரிடமிருந்து மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் வழி பின்னாளில் ஊன்றியது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் கரோ தொகுத்த சுல்கான் அரூக் என்ற சட்ட நூல் அதற்குக் காட்டும் நியாயம், போர்க்காலத்தில் குடியிருப்போரைக் கேளாமலே வீடுகளில் தம் ஆட்களையும் ஆயுதங்களையும் வைக்க அவருக்கு உரிமை உண்டு என்பது. சந்துக்காரர்களின் இசைவு இருந்த இடத்தில் இப்போது அதிகாரம் வந்து அமர்கிறது. நடைமுறைக்கு இது வசதி. சட்டத்தின் பழைய உயிர்ப்புக்கு இழப்பு என்பேன்.

நியூ ஜெர்சியின் டெனாஃப்ளை வழக்கில் இந்த இழப்பைப் பார்க்கலாம். 1999இன் இறுதியில் பெர்கன் கவுண்டியின் நிர்வாகத் தலைவர் எரூவுக்கு இசைவு அறிவித்தார். மின்கம்பங்களில் பக்கக் கட்டைக்கு ஈடாகக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள் பொருத்தப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது, அவற்றை அகற்ற ஊர் மன்றம் முடிவெடுத்தது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எரூவ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கம்பங்களில் வேறு பொருள்கள் ஒட்டப்படுவதை ஊர் நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது என்பதே அதற்கு முக்கியக் காரணம். அந்தப் பட்டைகள் கருத்தை வெளியிடும் பேச்சா, வேலிபோலப் பயன்படும் பொருளா என்றும் ஆராய்ந்த நீதிமன்றம், வேலி போன்றவையே என்றது. உத்தரம் சுவரா, நினைவூட்டும் அடையாளமா என்று தல்மூத்தும் இதே போல வாதிட்டிருக்கிறது. ஆனால் தல்மூத்தின் சந்தில் அந்த வாதம் முடிந்த பிறகும், லாக்மானின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.