இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞரா?

"மணமுறிவுக்கு இருவருமே இசைந்துவிட்டனர். பிறகு எதற்கு ஐயா இரண்டு வழக்கறிஞர்கள்? ஒருவர் என்றால் கட்டணமும் குறையுமே" என்று என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார். அவருடைய மகளும் மருமகனும் கூட்டாக மனு அளிக்கவிருந்தனர். பொருளியல் கற்பித்தவன் சிக்கனத்தை ஆதரிப்பான் என்று அவர் எண்ணியிருக்கலாம். வேண்டாம் என்றேன்.

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் அளிக்கப்படும் மனுவில் எதிர்த் தரப்பு இல்லை என்பது உண்மையே. ஆனால், பிரிவதற்கு உடன்படுவது வேறு. ஜீவனாம்சம், நகை, வீடு, குழந்தையின் பொறுப்பு ஆகியவற்றில் உடன்படுவது வேறு. ஜீவனாம்சத்தில் ஒருவருக்குக் கூடும் தொகை மற்றவருக்குக் குறையும் தொகை. அந்தப் பேரத்தில் இருவரின் நலனையும் ஒருவரே முழுமையாகக் காக்க இயலாது.

மேலும், தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தெளிவுபடுத்தியது. அவ்வாறு ஒருவர் பின்வாங்கினால், இருவரின் வருமானமும் அந்தரங்கமும் அறிந்த வழக்கறிஞர் யார் பக்கம் நிற்பார்?

ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை கூறியவரோ, மனு வரைந்தவரோ எதிர்த் தரப்புக்காக வாதாடக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 33-ஆவது நடத்தை விதி. வழக்கில் தமக்குள்ள தொடர்பையும் அக்கறையையும் கட்சிக்காரரிடம் தொடக்கத்திலேயே மறைக்காமல் கூற வேண்டும் என்கிறது 14-ஆவது விதி. அனைத்தையும் வெளிப்படுத்தி, சம்பந்தப்பட்ட எல்லோரின் வெளிப்படையான ஒப்புதலையும் பெறாமல் முரண்படும் நலன்களுக்காக வாதாடுவது தொழில் அறமன்று என உச்ச நீதிமன்றமும் 1983-இல் கூறியது. மீறுவோரை, வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பட்டியலிலிருந்தே நீக்கலாம்.

எனினும், தண்டனை இழப்புக்குப் பின்னரே வருகிறது. பணம் கைமாறினால் மீட்கலாம். கைமாறிய தகவலை மீட்க முடியாது. வழக்கறிஞர் நேர்மையானவராகவே இருந்தாலும் இந்த இக்கட்டு நீங்காது. ஒருவருக்கு உண்மையாக இருக்க மற்றவரிடம் மௌனம் காக்க வேண்டியிருக்கும்.

இரண்டு வழக்கறிஞர்கள் வந்தால் சுமுகமான பிரிவும் சண்டையாகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. அத்தகையோர் ஒருவரிடமே மனுவை எழுதிக்கொள்ளட்டும்; கையொப்பமிடும் முன் இருவரும் தத்தமக்கு வேண்டிய வேறொரு வழக்கறிஞரிடம் அதைத் தனித்தனியே காட்டட்டும். செலவு தடையென்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலேயே அதற்கான அலுவலகங்கள் இயங்குகின்றன.

என் மாணவரின் மகள் வரைவு மனுவை வேறொரு வழக்கறிஞரிடம் காட்டினார். தனக்குத் திரும்ப வேண்டிய நகைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கணவரும் மறுக்கவில்லை, சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். அதுவரை அதை அவருக்காகக் கேட்கத்தான் ஆள் இல்லை.