பேரிங் குண்டு மாலை

1927-இல் பாரிஸில் ஷார்லோத் பெரியான் என்ற இளம் வடிவமைப்பாளர் கழுத்தை ஒட்டி ஒரு மாலை அணிந்துகொண்டார். பளபளக்கும் உலோக உருண்டைகள், ஒரே வரிசை. பதக்கம் இல்லை, கல் இல்லை. பேரிங் மாலை என்றே அதற்குப் பெயரிட்டார். ஆனால் அந்த உருண்டைகள் எந்தச் சக்கரத்தின் அச்சிலிருந்தும் கழற்றியவை அல்ல. குரோமியம் பூசிய சாதாரணச் செம்பு உருண்டைகள்; செய்து கொடுத்தவர் ஒரு கைவினைஞர். யந்திர யுகத்தின் சின்னமாகச் சொல்லப்படும் நகை, உண்மையில் யந்திர வேஷம் போட்ட கைவேலை. இதைப் போலித்தனம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதே பாரிஸில் பொற்கொல்லர் வேலை கற்றவர் ழான் தெப்ரே (1889–1980). முதல் உலகப்போர் அவரை விமான எஞ்சின்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1930-ஐ ஒட்டி அவர் செய்த மோதிரங்களில் பற்சக்கரமும் கிராங்க் ஷாஃப்ட்டும் வெள்ளியில் உருவம் பெற்றன. எஞ்சினுக்குள் இவ்வடிவங்கள் தேவையால் பிறந்தவை. ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். விரலில் ஏறிய பிறகு அவற்றுக்கு வேலை ஏதும் இல்லை. தேவை நீங்கிய பின்னும் வடிவம் தன்பலத்தில் நிற்குமா? தெப்ரேயின் கேள்வி இதுதான் என்று கொள்கிறேன். அதை அவர் கேட்டது சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு.

நகையை எடைபோட்டே மதித்துப் பழகிய எனக்கு இதில் இன்னொன்றும் படுகிறது. குரோமியம் என்பது வெறும் பூச்சு. நிறுத்துப் பார்த்தால் பெரியானின் மாலையில் விலை என்று எதுவும் தேறாது. பொன்னிலும் வைரத்திலும் இருந்த மதிப்பைப் பிடுங்கி உருவத்தின்மேல் வைக்க யந்திரம் ஒரு சாக்காயிற்று. சொத்தாக இருந்த நகை அபிப்பிராயமாக மாறியது.

1934-இல் நியூயார்க்கின் நவீன கலை மியூசியம் 'யந்திரக் கலை' என்று ஒரு கண்காட்சி நடத்தியது. ஸ்ப்ரிங், புரொப்பெல்லர், நிஜமான பேரிங் எல்லாம் சிற்பங்களைப்போல் மேடையேறின. யந்திரமே கலையாகிவிட்ட பிறகு அதை ஒருவன் கையால் நகல் செய்வானேன்?

இதற்கு விடை ஒரு நெசவுக்காரியிடமிருந்து வந்தது. ஆன்னி ஆல்பர்ஸ் பௌஹௌஸ் பள்ளியில் தறி கற்றவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவின் பிளாக் மௌன்டன் கல்லூரிக்குப் போனவர். மெக்ஸிகோவில், மோன்தே அல்பான் கல்லறையில் 1932-இல் கிடைத்த பழம் நகைகளைப் பார்த்தார். அங்கே பொன்னோடு சிப்பியும் சேர்ந்திருந்தது. உயர்ந்தது தாழ்ந்தது என்ற பேதம் அந்தக் கைகளுக்கு இல்லை. திரும்பி வந்து, 1940 வாக்கில், மாணவர் அலெக்ஸாண்டர் ரீடுடன் சேர்ந்து கடைச் சாமான்களில் நகை செய்தார். ஸிங்க் துளையில் போடும் சல்லடை பதக்கமாயிற்று. அதன் ஓரத்தில் பேப்பர் கிளிப்புகள் தொங்கின. வாஷர்கள் நாடாவில் ஏறின.

பெரியானுக்குச் செய்து கொடுத்த கை, தான் இல்லாததுபோல் மறைந்துகொண்டது. தெப்ரேயின் கை யந்திரத்தோடு போட்டியிட்டது. ஆல்பர்ஸின் கை இரண்டையும் விட்டது. யந்திரம் ஆயிரக்கணக்கில் துப்பியதில் ஒன்றைப் பொறுக்கி, வேறொன்றின் பக்கத்தில் வைத்தது. அவ்வளவே. செய்வது என்பது பார்ப்பது என்றாகிவிட்ட இடம் இது. வார்த்தைகளைப் புதிதாக உண்டாக்காமல் புழக்கத்தில் தேய்ந்தவற்றையே பக்கம் பக்கமாக வைக்கிற கவிஞனுக்கு இது அந்நியமான வேலையல்ல.

1946-இல் அதே மியூசியம் 'நவீனக் கைவேலை நகைகள்' என்று மற்றொரு கண்காட்சி வைத்தது. இந்தச் சல்லடை நகைகளும் அதில் இருந்தன. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் யந்திரத்துக்குத் தந்த மேடையைக் கைக்கும் தர வேண்டியதாயிற்று. நடுவில் ஒரு யுத்தம் நடந்து முடிந்திருந்தது. யந்திரம் எதற்கெல்லாம் உதவும் என்று உலகம் பார்த்துவிட்டிருந்தது.

இன்று அந்தச் சல்லடை மாலையும் கண்ணாடிப் பெட்டிக்குள் கலைச்செல்வமாகிவிட்டது. விலையை மறுத்ததற்கும் ஒரு விலை வந்துவிட்டது. ஆனால் பேப்பர் கிளிப் இன்னும் என் மேஜைமேல்தான் கிடக்கிறது.